கையில் வாள் இருக்கிறதா, பாருங்கள்: 1958-ன் ‘தி வைக்கிங்ஸ்’ படத்தை முதன்முறை பார்க்கப்போகிறவர்களுக்கு

முதல் முறை இந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தியவன் நான். பேருந்தில் உட்கார்ந்து, கைப்பேசியில், ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். குடித்துவிட்டுக் கூச்சல் போடும் தாடிக்காரர்கள், மலைக்கு நடுவே கப்பல், மறுபடி கூச்சல். இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். சில வருடம் கழித்து ஒரு மழை நாளில், பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் அன்று தப்பு என் பக்கம் இருந்தது புரிந்தது. அதற்குப் பிறகு நாலைந்து முறை பார்த்தாயிற்று. பழைய ஹாலிவுட் சாகசப் படங்களுக்குப் புதியவர் என்றால், நான் பட்டு அறிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கதையின் முதல் பாதியை ஓரளவு சொல்லுவேன். முடிவைச் சொல்லமாட்டேன்.

எந்தப் பிரதியில் பார்ப்பது

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. படம் டெக்னிராமா என்ற முறையில் எடுக்கப்பட்டது. வழக்கமாகப் படச்சுருள் கேமராவுக்குள் மேலிருந்து கீழாக ஓடும். டெக்னிராமாவில் படுக்கைவாட்டில் ஓடும். அதனால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் கிடைக்கும், தூரத்து மலையின் மடிப்புகூடத் துல்லியமாக விழும். ஒளிப்பதிவு ஜாக் கார்டிஃப். இமயமலையை இங்கிலாந்து ஸ்டுடியோவுக்குள்ளேயே உருவாக்கிக் காட்டிய ‘பிளாக் நார்சிஸஸ்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். அந்த மனிதருக்கு இங்கே நிஜ மலையும் நிஜக் கடலும் கிடைத்திருக்கின்றன.

ஆகவே திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும் அகலப் பிரதியைத் தேடுங்கள். பழைய டிவிக்காக இரு பக்கமும் வெட்டிய சதுரப் பிரதிகள் இன்னும் புழங்குகின்றன. அவற்றில் கப்பலின் முகப்பு தெரிந்தால் பின்பக்கம் தெரியாது, பேசுகிறவன் தெரிந்தால் கேட்கிறவன் தெரியமாட்டான். கைப்பேசி வேண்டவே வேண்டாம். வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரை எதுவோ அதில் பாருங்கள். ஓடும் நேரம் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவுதான், நடுவில் எழுந்திருக்காமல் பார்த்துவிடலாம்.

குழந்தைகளோடு உட்காருவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அடிதடியும் ரத்தமும் இன்றைய படங்களோடு ஒப்பிட்டால் சாதுவானவை. உறுத்துவது வேறு. கதை தொடங்குவதே ஒரு ராணி மீதான வன்முறையில். பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவதைப் படம் பல இடங்களில் விளையாட்டுப்போலச் சொல்கிறது. 1958-ல் அது யாரையும் உறுத்தவில்லை போலும். இன்று உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குப் போட்டுக்காட்டும் படம் இது இல்லை.

முதல் மூன்று நிமிடத்தை ஓட்டிவிடாதீர்கள்

படம் ஒரு ஓவிய அனிமேஷனோடு தொடங்கும். பிரான்சின் பையூ ஊரில், நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும் 11-ஆம் நூற்றாண்டு நூல்வேலைச் சீலை ஒன்று இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 70 மீட்டர். அந்தப் பாணியில் வரைந்த உருவங்கள் அசையும். பின்னணியில் ஒரு கனத்த குரல் பேசும். அது ஆர்சன் வெல்ஸின் குரல்.

பழைய படங்களின் முன்னுரையைத் தாண்டிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கே தாண்டினால் நஷ்டம். அந்தக் குரல் சொல்லும் இரண்டு செய்திகளின் மேல்தான் படம் நிற்கிறது. ஒன்று, வைக்கிங்கின், அதாவது வடக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்து கொள்ளையடித்த கடலோடியின், பெரிய ஆசை கையில் வாளோடு சாவது. அப்படிச் செத்தால்தான் ஓடின் என்ற போர்க்கடவுளின் மாளிகையான வல்ஹல்லாவில் வரவேற்பு. இன்னொன்று, அவர்களிடம் திசைகாட்டி கிடையாது. வெயிலையும் நட்சத்திரத்தையும் நம்பித்தான் கப்பல். மூடுபனி இறங்கினால் குருடர்கள்.

வாளும் மூடுபனியும். இந்த இரண்டையும் மனதில் முடிந்துகொள்ளுங்கள். படத்தின் முக்கியமான திருப்பங்களில் ஏதாவது ஒன்று இந்த முடிச்சை இழுக்கும்.

யார் யார் என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்

வைக்கிங் தலைவன் ரக்னார், வட இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா மீது பாய்ந்து அரசனைக் கொல்கிறான். அரசியிடம் அத்துமீறுகிறான். அவளுக்குப் பிறக்கும் குழந்தையின் உயிருக்கு எல்லா என்ற பெயருடைய புது அரசனால் ஆபத்து. அதனால் அரச வாளின் பிடியில் இருந்த கல்லை அதன் கழுத்தில் கட்டி, கப்பலேற்றி இத்தாலிக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கப்பல் வைக்கிங்குகளின் கையில் சிக்குகிறது. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை எரிக், சொந்தத் தகப்பன் ஊரிலேயே அடிமை. அவன் தகப்பன் யாரென்று அவனுக்குத் தெரியாது. தகப்பனுக்கும் தெரியாது. ரக்னாரின் முறையான மகன் ஐனாருக்கும் தெரியாது.

கழுத்தில் கல், தண்ணீரில் போன பிள்ளை, எதிரெதிரே நிற்கும் அண்ணன் தம்பி. கர்ணன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. உண்மை நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் இந்தப் படத்தின் இறுக்கம். எப்போது தெரியும், யார் சொல்லுவார்கள் என்ற கேள்வியைக் கூடவே வைத்துக்கொண்டு பாருங்கள்.

எரிக்காக டோனி கர்ட்டிஸ். ஐனாராகக் கிர்க் டக்ளஸ். படத்தைத் தயாரித்ததும் டக்ளஸின் சொந்தக் கம்பெனிதான். தன் தாயின் பெயரை வைத்த கம்பெனி, பிரைனா. முதலாளியாக இருந்தும் நாயகன் வேடத்தைக் கர்ட்டிஸிடம் கொடுத்துவிட்டு, ஒரு கண் போன, திமிர் பிடித்த, முரட்டு ஐனாரைத் தனக்கு எடுத்துக்கொண்டார். புத்திசாலி. படம் முடிந்தபின் நினைவில் நிற்பது ஐனார்தான்.

ரக்னாராக எர்னஸ்ட் போர்க்னைன். இங்கே ஒரு வேடிக்கை. டக்ளஸ் பிறந்தது 1916 டிசம்பரில், போர்க்னைன் 1917 ஜனவரியில். அதாவது அப்பா மகனைவிட ஒன்றரை மாதம் இளையவர்! இதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் நம்பமாட்டீர்கள், அவ்வளவு முழுமையாக அப்பாவாக இருக்கிறார். தாடி பாதி வேலையைச் செய்கிறது, அந்தச் சிரிப்பு மீதியைச் செய்கிறது. மகனோ ஆங்கிலேயன்போல முகம் மழித்தவன். அதைச் சொல்லிச் சொல்லி அப்பா பெருமைப்படுவார்.

வேல்ஸ் இளவரசி மோர்கானாவாக வரும் ஜேனட் லீ அப்போது நிஜ வாழ்க்கையில் டோனி கர்ட்டிஸின் மனைவி. எழுதிய வேடத்தில் அவருக்குச் செய்ய அதிகம் இல்லை. நார்தம்ப்ரிய அரசன் எல்லாவாக ஃபிராங்க் திரிங், கண்ணை உருட்டாமலே வெறுக்க வைக்கிறார். இவர்களைத் தவிரத் துரோகி எக்பர்ட், குறி சொல்லும் கிழவி கிட்டாலா. இந்த ஏழு பேர் போதும், மற்றவர்கள் கூட்டம்.

இயக்குநர் ரிச்சர்ட் ஃபிளைஷர். கடலும் டக்ளஸும் அவருக்குப் புதிதில்லை. 1954-ல் இதே டக்ளஸை வைத்துக் கடலடிக் கப்பல் கதை ஒன்றை எடுத்திருந்தார்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

நார்வேயின் ஹார்டாங்கர் பகுதியில் கடல் மலைகளுக்கு நடுவே நாக்கை நீட்டியதுபோல உள்ளே வரும். ஃபியோர்டு என்பார்கள். வைக்கிங் ஊர்க் காட்சிகள் அந்த வட்டாரத்தில் எடுத்தவை. கப்பல் திரும்பும்போது மலைமேல் காவல் இருப்பவன் நீளமான கொம்பை எடுத்து ஊதுவான். அந்த ஓசை தண்ணீர்மேல் பரவிப் பாறையில் முட்டித் திரும்பும். ஊரே கரைக்கு ஓடி வரும்.

அந்தக் கொம்பின் மெட்டுத்தான் மாரியோ நாசிம்பேனேயின் இசைக்கு விதை. படம் முழுக்க அது வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு வாத்தியத்தில் திரும்பி வரும். ஒரு காதில் இயர்போன் மாட்டிப் பார்த்த அன்று இதில் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

துடுப்பின் மேல் ஓட்டம்

இந்தக் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். கொள்ளை முடிந்து கப்பல் ஊர் திரும்புகிறது. எல்லோருக்கும் உற்சாகம். துடுப்புகளை மட்டமாக நீட்டிப் பிடிக்கிறார்கள். வைக்கிங்குகள் கப்பலுக்கு வெளியே இறங்கி, ஒரு துடுப்பிலிருந்து அடுத்த துடுப்புக்குத் தாவித் தாவி ஓடுகிறார்கள். கீழே பனிமலை அடிவாரத்துக் குளிர்ந்த நீர். சிலர் விழுவார்கள். டக்ளஸ் ஓடுகிறார், நிஜமாகவே அவரேதான். அப்போது நாற்பதைத் தாண்டியவர். முகம் தெரியும்படி கேமரா அருகில் நிற்பது அதனால்தான். டூப் போட்டிருந்தால் அந்தக் கோணமே வாய்த்திருக்காது.

இது சினிமாக்காரர்கள் இட்டுக்கட்டியது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய நார்வே அரசர்கள் வரலாற்றில், அரசன் ஓலாஃப் டிரிக்வசன் பற்றி இப்படி ஒரு குறிப்பு வருகிறது: தன் ஆட்கள் தண்டு வலித்துக்கொண்டிருக்கும்போதே கப்பலுக்கு வெளியே துடுப்புகளின் மேல் ஓடுவானாம், மூன்று குத்துவாள்களை மாற்றி மாற்றி வீசிப் பிடிப்பானாம். டக்ளஸுக்கு அசையாமல் நீட்டிப் பிடித்த துடுப்பு, ஓலாஃபுக்கு ஓடிக்கொண்டிருக்கும் துடுப்பு. பந்தயத்தில் அரசனே ஜெயிக்கிறான்.

இந்த இடத்தில் ஒருமுறை நிறுத்திவிட்டுப் பின்னோக்கி ஓட்டி மறுபடி பாருங்கள். இரண்டாவது முறை கப்பலை மட்டும் கவனியுங்கள். பலகைமேல் பலகை ஏற்றி அறைந்த பக்கங்கள், இரண்டு முனையும் ஒரே மாதிரி உயர்ந்த வளைவு, ஆழமில்லாத அடி. மண்ணைத் தோண்டி எடுத்த அசல் வைக்கிங் கப்பல்களைப் பார்த்து முழு அளவில் கட்டியவை. அசலில் புகழ்பெற்றது 1880-ல் நார்வேயில் கிடைத்த கொக்ஸ்டாட் கப்பல், ஏறக்குறைய 23 மீட்டர் நீளம், பக்கத்துக்கு 16 துடுப்பு. ஆழம் குறைந்த அந்த அடிப்பாகம்தான் அவர்களுடைய ஆயுதம். ஆற்றுக்குள்ளும் ஏறும், மணலிலும் நேராக வந்து நிற்கும். துறைமுகம் தேவைப்படாத எதிரியை யார் எங்கே நின்று தடுப்பது?

எது நிஜம், எது சரடு

சரித்திர ஆர்வம் உள்ளவர்கள் இந்த இடத்தில்தான் பல்லைக் கடிப்பார்கள். பார்ப்பதற்கு முன்பே கணக்கை முடித்துவிடுங்கள், பார்க்கும்போது நிம்மதி.

அரசன் எல்லா உண்மையில் இருந்தவன். 867-ல் யார்க் நகரில் வைக்கிங்குகளோடு போரிட்டு இறந்தான். ரக்னார் பழங்கதை மாந்தன். கதையின்படி எல்லா அவனைப் பாம்புக் குழியில் தள்ளிக் கொன்றான், மகன்கள் பழிவாங்கப் படையோடு வந்தார்கள். படத்தில் பாம்பு ஓநாயாகிவிட்டது. சினிமாவுக்கு ஓநாய்தான் சரி, பாம்பு உறுமாது.

தலைக்கவசத்தில் கொம்பு இல்லாததைக் கவனியுங்கள். கொம்பு வைத்த வைக்கிங், 1876-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் வழியாகப் பரவிய படிமம். அந்த வலையில் இந்தப் படம் விழவில்லை.

கோட்டை மட்டும் சுத்தப் பொருத்தமில்லாதது. 9-ஆம் நூற்றாண்டு நார்தம்ப்ரியா என்று காட்டுவது பிரான்சின் பிரிட்டனிக் கரையில் நிற்கும் ஃபோர்ட் லா லாட், 14-ஆம் நூற்றாண்டுக் கல்கோட்டை. ஐந்நூறு வருடம் முன்னால் வந்துவிட்டது. கடல்மேல் தொங்கும் அந்தப் பாறையைப் பார்த்தபின் எனக்குக் கோபம் வரவில்லை. தூக்கிய பாலக்கதவில் கோடரிகளைப் பாய்ச்சி, அவற்றைப் படியாகப் பிடித்து ஐனார் ஏறும் காட்சி மண்மேட்டுக் கோட்டையில் எப்படி வாய்க்கும்?

கோடரியெறிந்து பெண்ணின் பின்னலை அறுத்து அவள் கற்பைச் சோதிக்கும் விருந்துக் காட்சியைக் கதைக்காரர்களின் கற்பனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

திசைகாட்டி விஷயம் சுவாரசியமானது. மூடுபனியில் எரிக்குக்கு வழிகாட்டுவது ஒரு மீன் வடிவ உலோகத் துண்டு, எப்போதும் வடக்கையே பார்க்கும். ஐரோப்பியர் எழுத்தில் காந்த ஊசி வருவது 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஆக எரிக் முந்நூறு வருடம் முந்திவிட்டான். அதே சமயம் வைக்கிங்குகள் கரையை விட்டு அகலவே பயந்தார்கள் என்று முன்னுரை சொல்வதும் தப்பு. திசைகாட்டி இல்லாமலே ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் போனவர்கள் அவர்கள். அமெரிக்கா போனதற்கு மண்ணுக்குள் இருந்த சாட்சியான லான்ஸ் ஓ மெடோஸ் குடியிருப்பை, படம் வந்து இரண்டு வருடம் கழித்து 1960-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

ஓநாய்க் குழியும் ஒரு வாளும்

படத்தின் நடுவில் ரக்னார் எல்லாவிடம் பிடிபட்டு நிற்கிறான். குழிக்குள் பசித்த ஓநாய்கள். அவன் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. முன்னுரையில் வெல்ஸின் குரல் சொன்னது இங்கே ஞாபகம் வரவேண்டும். அவனுக்குச் சாவு பயமில்லை. வெறுங்கையோடு சாவதுதான் பயம். வல்ஹல்லாவின் கதவு வாளைப் பார்த்துத்தான் திறக்கும். அந்த வாளை யார் கொடுப்பார்கள்? எல்லா கொடுக்கமாட்டான். சுற்றி நிற்பது எல்லாம் எதிரிகள். எரிக்கும் அங்கே நிற்கிறான். தன்னை அடிமையாக வைத்திருந்த கிழவனை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்த ஏக்கத்தைப் புரிந்துகொள்ள நாம் வடக்கே போகவேண்டியதில்லை. நோயில் செத்த அரசர்களைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, வாளால் மார்பைப் பிளந்து, போரில் விழுந்தவர்கள் போகும் உலகத்துக்கு அனுப்பிய வழக்கத்தை அதியமான் மீது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு சொல்கிறது. படுக்கையில் சாவது இழிவு, காயத்தோடு சாவது வாசல். இரண்டு கூட்டத்துக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டைப் படித்தவருக்கு ரக்னாரின் முகம் சட்டென்று புரியும்.

இந்தக் காட்சியில் போர்க்னைனை மட்டும் பாருங்கள். அதுவரை குடித்துக் கத்தின முரடன், ஐந்து நிமிடத்தில் ஒரு அரசனாகிவிடுவான். குழிக்குள் நடப்பதைப் படம் விவரமாகக் காட்டாது. குழியைச் சுற்றி நிற்பவர்களின் முகங்களைப் படியுங்கள். அங்கே எரிக் செய்வதும், அதற்கு அவன் கொடுக்கும் விலையும் பின்பாதிக் கதையை ஓட்டும். அதைச் சொல்லமாட்டேன்.

கடைசிக் கால் மணி நேரத்துக்கு ஒரே ஒரு யோசனை. கோட்டை உச்சியில், கடலுக்கு மேலே, அண்ணனும் தம்பியும் மோதும்போது வாள் வீச்சைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். யார் கை எந்த நொடியில் தயங்குகிறது, ஏன் தயங்குகிறது, வாள் கடைசியில் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஒரு கப்பல் கடலில் போகும், கரையிலிருந்து நெருப்பு அம்புகள் பறக்கும். வைக்கிங் சவ அடக்கம் என்றால் உலகம் முழுக்க இன்று நினைப்பது இந்தப் படிமத்தைத்தான். அசலில் கப்பலோடு மண்ணுக்குள் புதைத்ததற்குச் சான்று இருக்கிறது, கரையிலேயே கப்பலை வைத்து எரித்ததை 922-ல் வோல்கா ஆற்றங்கரையில் இப்ன் ஃபத்லான் என்ற அரபுப் பயணி நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். நெருப்பு அம்பு சினிமாவின் சொத்து. கார்டிஃபின் அந்த அந்திவெளிச்சத்தில் அதைப் பார்த்தால், இல்லாவிட்டால் என்ன என்று தோன்றும்.

பார்த்து முடித்த பிறகு

பிடித்துப்போய் இதே சுவையில் இன்னொன்று வேண்டும் என்பவர்களுக்கு: ஜாக் கார்டிஃப் 1964-ல் தானே இயக்குநராகி ‘தி லாங் ஷிப்ஸ்’ எடுத்தார். ரிச்சர்ட் விட்மார்க், சிட்னி பாய்ட்டியர் நடித்தது. கொஞ்சம் கோமாளித்தனமான படம், முதல் படத்தின் கனம் அதில் கிடையாது. டக்ளஸும் கர்ட்டிஸும் மறுபடி சேர்ந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் 1960-ன் ‘ஸ்பார்ட்டகஸ்’ இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. படம் முடிந்ததும் அணைத்துவிடாமல், ஆரம்பத்துக்குப் போய் அந்த ஓவிய அனிமேஷனை மறுபடி ஓடவிடுங்கள். வெல்ஸ் அதே வரிகளைத்தான் சொல்லுவார். வாள், வல்ஹல்லா, மூடுபனி. முதல் தடவை பாடப்புத்தகம் மாதிரி கேட்ட அந்தக் குரலில், இப்போது உங்களுக்கு ரக்னாரின் சிரிப்பும் கேட்கும்.